மாதம் ஒரு சொற்பொழிவு: சென்னையின் குடியிருப்புப் பகுதியில் தொடங்கி நடத்துவதற்கான வழிகாட்டி

சென்னையில் மேடைக்கும் ஒலிபெருக்கிக்கும் என்றுமே பஞ்சம் இருந்ததில்லை. மேலைநாடுகளிலிருந்து திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரியில் விக்டோரியா பொதுமண்டபத்தில் உரையாற்றினார். அன்னி பெசன்ட் நிறுவிய இளைஞர் சங்கத்துக்காக அரண்மனைக்காரத் தெருவில் எழுந்த கோகலே மண்டபம் அரசியல் உரைகளுக்கும் இசைக் கச்சேரிகளுக்கும் பல பத்தாண்டுகள் இடம் தந்தது. இன்றும் மாலைதோறும் நகரில் எங்கேனும் யாரேனும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஒரு பொருளை உண்மையாகவே அறிந்த ஒருவர் ஒரு மணி நேரம் அதைப் பற்றி மட்டுமே பேசி, கேட்டவர்கள் அடுத்த அரை மணி நேரம் கேள்வி கேட்டு, எல்லோரும் நடந்தே வீடு திரும்பக்கூடிய தொலைவில் நடக்கும் கூட்டம்தான் அரிதாக இருக்கிறது.

அத்தகைய ஒரு மாதக் கூட்டத்தைத் தென்சென்னையின் ஒரு பகுதியில் நண்பர்கள் சிலரோடு சேர்ந்து சில ஆண்டுகளாக நடத்திவரும் அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். முதல் கூட்டத்தை யாரும் நடத்திவிடலாம். பத்தாவது கூட்டத்துக்கு ஆள் வருவதுதான் கடினம். பேச்சாளரின் புகழ் அதற்குப் பெரிதும் உதவுவதில்லை. சொன்ன நாளில், சொன்ன நேரத்தில் தொடங்குவார்கள், நமக்கும் கேட்க வாய்ப்புத் தருவார்கள் என்ற நம்பிக்கைதான் மக்களை மீண்டும் அழைத்து வருகிறது. கீழே சொல்லும் படிகளில் பெரும்பாலானவை அந்த நம்பிக்கையைக் காப்பதற்கான ஏற்பாடுகளே.

முதற்படி: இரண்டு மாதம் கேட்பவராக இருங்கள்

கூட்டம் நடத்த எண்ணுபவர்கள் முதலில் பிறர் நடத்தும் கூட்டங்களில் கடைசி வரிசையில் உட்கார வேண்டும். தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலிருந்து தொடங்கலாம். கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா தம் வாழ்நாளெல்லாம் சேர்த்த நூல்களும் இதழ்களும் அடிப்படையாக அமைய, 1994-இல் உருவான நூலகம் அது. ஆய்வாளர்கள் பொதுமக்களுக்காகப் பேசும் உரைகள் அங்கே நடைபெறுகின்றன. அதே தரமணியில் 1962-இல் தொடங்கப்பட்ட கணித அறிவியல் நிறுவனம், ஆய்வகத்துக்குள் மட்டும் பேசப்பட்டுவந்த அறிவியலை 2016-இல் ‘சயின்ஸ் அட் தி சபா’ என்ற பெயரில் மியூசிக் அகாடமி மேடைக்கே கொண்டுவந்தது. சபாவில் கச்சேரி கேட்டுப் பழகிய ஊருக்கு அறிவியலையும் சபாவிலேயே கேட்கத் தருவது எவ்வளவு பொருத்தமான யோசனை என்று எனக்கு இன்றும் தோன்றுகிறது. தமிழ்ப் பாரம்பரிய அறக்கட்டளை கலை, கோயில், வரலாறு சார்ந்த மாத உரைகளால் அறியப்பட்டது. கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் ‘பொன்மாலைப் பொழுது’ நிகழ்ச்சி எழுத்தாளர்களையும் அறிஞர்களையும் வாசகர்கள் முன் நிறுத்தியிருக்கிறது.

இவற்றுக்குப் போகும்போது ஒரு சிறு குறிப்பேட்டை எடுத்துச் செல்லுங்கள். அழைப்பிதழில் அச்சிட்ட நேரம் என்ன, சிறப்புரை உண்மையில் தொடங்கிய நேரம் என்ன, நன்றியுரைக்கு முன்பே எத்தனை பேர் எழுந்து போனார்கள், முதுகுவலி உள்ள முதியவர் எங்கே உட்கார்ந்தார், திரையில் இருந்த எழுத்தைப் பின்வரிசையில் இருந்தவர் படிக்க முடிந்ததா என்பனவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். உரையின் சாரத்தை நீங்கள் எழுதி வைக்காவிட்டாலும் பாதகமில்லை. அதை நினைவில் வைத்திருக்க வேறு பலர் இருப்பார்கள்.

இரண்டாம் படி: குழுவும் பொருளும்

ஐந்து பேர் போதும். ஒருவர் பேச்சாளர்களோடு தொடர்பில் இருக்க வேண்டும். ஒருவர் இடத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருவர் கருவிகளை அறிந்தவராக இருக்க வேண்டும். ஒருவர் அறிவிப்புகளையும் ஒருவர் கணக்கையும் கவனிக்கலாம். பதினைந்து பேர் கொண்ட குழுவில் எல்லோரும் ஆலோசனை சொல்வார்கள், நாற்காலி போட மூவரே வருவார்கள்.

பொருளைப் பொறுத்தவரை, ‘எல்லாத் துறைகளும்’ என்று தொடங்குவதைவிட, உங்கள் பகுதியைச் சுற்றியே முதல் ஓராண்டை அமைத்துக்கொள்வது நல்லது. சென்னையின் எந்த மூலையைத் தொட்டாலும் ஓர் உரைக்குரிய செய்தி கிடைக்கும். பல்லாவரத்தில் இருப்பவர்கள் 1863-இல் நிலவியலாளர் ராபர்ட் புரூஸ் ஃபூட் அங்கே கண்டெடுத்த கற்காலக் கருவியிலிருந்து தொடங்கலாம். இந்தியத் தொல்பழங்கால ஆய்வே அந்தக் கல்லிலிருந்து தொடங்குவதாகச் சொல்வது மிகையன்று. பரங்கிமலைக்காரர்களுக்கு 1802-இல் நில அளவையாளர் வில்லியம் லாம்டன் அங்கிருந்து சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு அளந்த அடிக்கோடு, அதாவது மற்ற அளவுகளுக்கெல்லாம் அடிப்படையான முதல் கோடு, இருக்கிறது. இந்தியத் துணைக்கண்டத்தை அளந்த மாபெரும் முக்கோணவியல் அளவீட்டுக்கு அதுவே வித்து. நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக்கூடத்தில் பணியாற்றிய நார்மன் போக்சன் 1861-இல் ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு ‘ஆசியா’ என்று பெயரிட்டார். பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அங்கே வரும் பறவைகளைப் பற்றிப் பேச, அந்தச் சதுப்பைப் பல ஆண்டுகளாகக் காலையில் பார்த்துவரும் ஒருவர் உங்கள் அடுக்ககத்திலேயே இருக்கக்கூடும்.

தலைப்பை எவ்வளவு குறுக்குகிறீர்களோ அவ்வளவு நல்ல உரை கிடைக்கும் என்பது என் அனுபவம். ‘தமிழகத் தொல்லியல்’ என்று தலைப்புக் கொடுத்தால் பேச்சாளர் ஆதிச்சநல்லூரில் தொடங்கிக் கீழடி வருவதற்குள் நேரம் முடிந்துவிடும். ‘பல்லாவரத்துக் கைக்கோடரி’ என்று கொடுத்தால், கல்லை எப்படிச் செதுக்கினார்கள், அது மனிதக் கை செய்தது என்று எப்படி அறிந்தார்கள், அது கிடைத்த நிலம் இன்று என்ன ஆகியிருக்கிறது என்று அவர் ஆழமாகப் போக வேண்டியிருக்கும்.

மூன்றாம் படி: இடம்

நான் முதலில் பரிந்துரைப்பது கிளை நூலகத்தை. சொத்து வரியோடு சேர்த்து நாம் நூலக வரியும் செலுத்துகிறோம். அதற்கு வழிவகுத்த 1948-ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் நெடுங்கால உழைப்பு இருக்கிறது. ஆகவே நூலகத்தில் இடம் கேட்பதில் தயக்கம் தேவையில்லை. பல நூலகங்களில் ‘வாசகர் வட்டம்’ என்ற அமைப்பு ஏற்கெனவே இருக்கும். சில இடங்களில் பெயரளவில் மட்டும் இருக்கும். நூலகரைச் சந்தித்து, வாசகர் வட்டத்தின் சார்பிலேயே கூட்டத்தை நடத்தித் தர முன்வந்தால், இடத்துக்கு வாடகை கொடுக்க வேண்டிய நிலை பெரும்பாலும் எழாது. நூலகத்தின் வார விடுமுறையையும் மூடும் நேரத்தையும் முதலிலேயே கேட்டறிந்துகொள்ளுங்கள். கூட்டம் நீண்டால் நூலக ஊழியர் தம் வீட்டுக்குப் போகும் நேரத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நூலகம் அமையாவிட்டால் பள்ளிக்கூட அரங்கு, அடுக்ககத்தின் சமுதாயக் கூடம், கோயிலை ஒட்டிய மண்டபம் ஆகியவை உள்ளன. பள்ளி அரங்கை எடுப்பவர்கள், தேர்தல் வந்தால் அது வாக்குச்சாவடியாகிவிடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். அடுக்ககத்தின் கூடம் வசதியானதுதான் என்றாலும், வாயிலில் காவலரிடம் பெயரும் வீட்டு எண்ணும் சொல்லி உள்ளே வர வேண்டிய இடத்துக்கு வெளியார் வரத் தயங்குவார்கள். எதிர்த் தெருவில் இஸ்திரி போடுபவரின் மகள் வரத் தயங்கும் இடத்தில் நடப்பதைப் பொதுச் சொற்பொழிவு என்று சொல்வதற்கில்லை.

இடத்தைப் பார்க்கப் போகும்போது ஒருவரை மேடையில் நின்று சாதாரணக் குரலில் பேசச் சொல்லிவிட்டு, நீங்கள் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேளுங்கள். ஓடு பதித்த தரையும் வெறும் சுவரும் உள்ள கூடத்தில் ஒலி எதிரொலித்து, சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். மின்விசிறிகளை முழு வேகத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். கழிப்பறையைத் திறந்து பாருங்கள். படிக்கட்டு இருந்தால் கைப்பிடி உண்டா என்று பாருங்கள். மின்சாரம் நின்றால் இன்வெர்ட்டர் எந்த விளக்குகளுக்கும் எந்தப் பிளக்குகளுக்கும் இணைக்கப்பட்டிருக்கிறது என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். விளக்கு எரிந்து மைக் ஊமையான மாலைகள் எங்களுக்கு உண்டு.

பூங்காவிலோ தெருமுனையிலோ நடத்த விரும்பினால் வேலை கூடுகிறது. மாநகராட்சிப் பூங்காவுக்கு மண்டல அலுவலகத்தின் அனுமதியும், பொது இடத்தில் கூடுவதற்குக் காவல்துறையின் அனுமதியும் பெற வேண்டும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி தேவை; இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் அதைப் பயன்படுத்த முடியாது. ஆகவே முதல் ஆண்டில் கூரைக்குக் கீழேயே இருங்கள்.

நான்காம் படி: நாள்

மாதத்தின் ஒரே கிழமையை, உதாரணமாக மூன்றாம் சனிக்கிழமை மாலை ஐந்தரை மணியை, நிரந்தரமாக்கிக்கொள்ளுங்கள். பேச்சாளருக்கு அந்த நாள் ஒத்துவராவிட்டால் நாளை மாற்றாதீர்கள். பேச்சாளரை அடுத்த மாதத்துக்கு மாற்றுங்கள். அழைப்பைப் பார்க்காமலே ஒருவர் கிளம்பி வர வேண்டும் என்றால் தேதி அவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும்.

ஆனாலும் சென்னையின் நாட்காட்டி தன் போக்கில் குறுக்கிடும். அக்டோபர் இறுதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. நவம்பர் கூட்டத்துக்கு வெளியூர்ப் பேச்சாளரை அழைக்காமல், ஐந்து நிமிடத்தில் நடந்து வரக்கூடிய உள்ளூர்க்காரரை வையுங்கள். டிசம்பரில் இசை விழா; மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கேட்பவர்கள் கேன்டீன்வரை சபாக்களில் இருப்பார்கள். ஜனவரியில் பொங்கலும் புத்தகக் காட்சியும். மார்ச், ஏப்ரலில் பிள்ளைகளுக்குத் தேர்வு, பெற்றோருக்கும் சேர்த்துத்தான். ஆகஸ்ட் மட்டும் நமக்குச் சாதகமான மாதம். 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரின் பிறந்தநாளாகக் கொண்டு, வரலாற்றாசிரியர் எஸ். முத்தையாவும் இதழாளர்கள் சசி நாயர், வின்சென்ட் டி'சூசா ஆகியோரும் 2004-இல் தொடங்கிய சென்னை தினம் பின்னர் ஒரு வாரக் கொண்டாட்டமாக வளர்ந்தது. யாரும் தம் பகுதியில் ஒரு நிகழ்ச்சியை நடத்தி அதில் இணைந்துகொள்ளலாம் என்பதால், புதிய தொடரை ஆகஸ்டில் தொடங்குவது புத்திசாலித்தனம்.

ஐந்தாம் படி: பேச்சாளர்

தொலைக்காட்சியில் வருபவர்களைத் தேடிப் போகாதீர்கள். ஓய்வுபெற்ற குடிநீர் வாரியப் பொறியாளர், முனைவர் பட்ட ஆய்வை முடிக்கும் நிலையில் இருக்கும் மாணவி, முப்பது ஆண்டுகள் துறைமுகத்தில் பணியாற்றியவர், ஒரு கோயிலின் கல்வெட்டுகளைத் தாமாகப் படித்துவரும் வங்கி ஊழியர் போன்றோரிடம் வேறு எங்கும் கேட்க முடியாத செய்திகள் இருக்கும்.

அழைக்கும் கடிதத்தில் நாள், இடம், பேச வேண்டிய நேரம், கேள்வி நேரம், வரக்கூடியவர்களின் எண்ணிக்கை, அவர்களுக்குப் பொருளைப் பற்றி முன்பே என்ன தெரிந்திருக்கும் என்பன இருக்க வேண்டும். மதிப்பூதியம் தர முடியாவிட்டால் அதையும் அதே கடிதத்தில் வெளிப்படையாக எழுதிவிடுங்கள். போக்குவரத்துச் செலவையாவது கேட்காமலே கொடுங்கள்.

உரைக்கு இரண்டு வாரம் முன்பு அரை மணி நேரம் தொலைபேசியில் பேசுவதை நான் கட்டாயமாக வைத்திருக்கிறேன். அப்போது மூன்றே கேள்விகள் கேட்பேன்: இந்தப் பொருளில் மக்கள் தவறாக நம்பிக்கொண்டிருப்பது எது, உங்களுக்கே இன்னும் விடை தெரியாதது எது, கையில் எடுத்துக் காட்டக்கூடிய பொருள் ஏதேனும் உண்டா. மூன்றாவது கேள்வியின் பயனாகப் பனையோலைச் சுவடியும், பழைய நில அளவைச் சங்கிலியும், நெல் வகைகள் அடங்கிய பொட்டலங்களும் எங்கள் மேசைக்கு வந்திருக்கின்றன. உரை மறந்துபோனவர்களுக்கும் அந்தச் சங்கிலியின் எடை நினைவிருக்கிறது.

ஆங்கிலத்தில் படித்த பல அறிஞர்கள் தமிழில் பேசத் தயங்குவார்கள். ‘கலைச்சொல் வராத இடத்தில் ஆங்கிலச் சொல்லையே சொல்லுங்கள், ஆனால் வாக்கியத்தைத் தமிழில் முடியுங்கள்’ என்று சொன்னால் தயக்கம் பாதி குறைந்துவிடும். பத்துப் பன்னிரண்டு கலைச்சொற்களைத் தமிழில் எழுதி முன்கூட்டியே அவருக்கு அனுப்பிவையுங்கள்.

ஆறாம் படி: அறிவிப்பு

அழைப்பிதழில் தலைப்பு, பேச்சாளரைப் பற்றி ஒரு வரி, நாள், நேரம், இடம், அருகில் உள்ள பேருந்து நிறுத்தம், அனுமதி இலவசம் என்ற குறிப்பு ஆகியவை போதும். ஐந்து பிரமுகர்களின் படங்களை வரிசையாக வைத்தால் அது அரசியல் கூட்டத்து விளம்பரம்போல் ஆகிவிடும். பத்து நாள் முன்பு ஒருமுறை, அன்று காலை ஒருமுறை என வாட்சாப் வழியே அனுப்பினால் போதும். தினமும் அனுப்பினால் மக்கள் குழுவை விட்டு வெளியேறுவார்கள். மயிலாப்பூர் டைம்ஸ், அடையாறு டைம்ஸ் போன்ற வட்டார வார இதழ்களுக்கும், நாளிதழ்களின் ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ பகுதிக்கும் செய்தி கொடுங்கள். நூலகத்தின் அறிவிப்புப் பலகை, டீக்கடை, மருந்துக்கடை ஆகிய இடங்களில் ஒட்டிய தாளைப் பார்த்து வருபவர்கள் எண்ணிக்கையில் குறைவாக இருந்தாலும், தவறாமல் வருபவர்கள் பெரும்பாலும் அவர்களே.

ஏழாம் படி: அன்றைய மாலை

எங்கள் முதல் கூட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்த்தாய் வாழ்த்து, குத்துவிளக்கு, வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள் மூன்று, ஒவ்வொருவருக்கும் பொன்னாடை, ஒவ்வொரு பொன்னாடைக்கும் ஒரு புகைப்படம் என்று ஐம்பது நிமிடங்கள் போயின. சிறப்புரையாற்ற வந்தவர் இருபத்தைந்து நிமிடங்களில் முடித்துக்கொண்டு புன்னகையோடு அமர்ந்தார். கேள்விக்கு நேரமே இல்லை. தவறு முழுவதும் எங்களுடையது.

இப்போது எங்கள் நிரல் இதுதான்: முதலில் தமிழ்த்தாய் வாழ்த்து (2021-இல் மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது அதைப் பாடுவதற்கு 55 வினாடிகள் என்று வகுக்கப்பட்டது), அது முடிந்ததும் பேச்சாளரைப் பற்றி இரண்டு நிமிட அறிமுகம், உடனே உரை, ஐம்பது நிமிடம், பிறகு கேள்விகள், முப்பது நிமிடம், நன்றியும் அடுத்த மாத அறிவிப்பும் சேர்ந்து இரண்டு நிமிடம். பொன்னாடைக்குப் பதில் ஒரு புத்தகம், அதையும் கடைசியில் கொடுக்கிறோம். அறையில் ஏழு பேரே இருந்தாலும் சொன்ன நேரத்தில் தொடங்குகிறோம். முதல் மூன்று மாதம் அது சங்கடமாக இருக்கும். நான்காம் மாதத்திலிருந்து மக்கள் ஐந்தேகாலுக்கே வந்துவிடுவார்கள்.

கருவிகளில் இரண்டு எச்சரிக்கைகள். பேச்சாளரின் மடிக்கணினிக்கும் புரொஜெக்டருக்கும் இடையே எந்த வகை இணைப்பு வேண்டியிருக்கும் என்று முன்னதாகச் சொல்ல முடியாது. ஆகையால் எச்டிஎம்ஐ கேபிளோடு டைப்-சி மாற்றியையும் குழுவின் பையிலேயே வைத்திருங்கள். இரண்டாவது, தமிழுக்கே உரிய தொல்லை: யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் தயாரித்த படவில்லைகள் வேறு கணினியில் திறந்தால் புரியாத குறிகளாக மாறிவிடும். முந்தைய நாளே பிடிஎஃப் கோப்பாக அனுப்பச் சொல்லி, திறந்து பார்த்துவிடுங்கள்.

எட்டாம் படி: கேள்வி நேரம்

கூட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆபத்தும் இங்கேதான். ஒவ்வோர் ஊரிலும் கேள்வி கேட்பதாக எழுந்து தம் சொற்பொழிவைத் தொடங்கும் ஒருவர் இருப்பார், எங்களுக்கு மூவர். ‘ஒருவருக்கு ஒரு கேள்வி, ஒரு நிமிடம்’ என்பதை ஒருங்கிணைப்பாளர் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். மைக்கைக் கேட்பவர் கையில் கொடுக்காமல், குழுவில் ஒருவர் பிடித்துக்கொண்டு நிற்பது சிறிய உபாயம்தான், ஆனால் பெரிதும் பயன்படும். பேச்சு நீண்டால், ‘ஐயா, கேள்வியை மட்டும் சொல்லுங்கள், அவருடைய விடையைக் கேட்க எல்லோரும் காத்திருக்கிறோம்’ என்று மரியாதையோடு சொன்னால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

முதல் கேள்வியைக் கேட்பவர் யார் என்பது மீதி நேரத்தைத் தீர்மானிக்கிறது. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் தொடங்கினால் அடுத்தவையும் முன்வரிசையிலிருந்தே வரும். ஆகவே முதல் வாய்ப்பைப் பள்ளி மாணவருக்கோ, பின்வரிசையில் இருக்கும் பெண்களில் ஒருவருக்கோ தருகிறோம். எழுந்து பேசக் கூச்சப்படுபவர்களுக்காக உரையின் நடுவிலேயே துண்டுச்சீட்டுகளையும் பென்சில்களையும் கொடுத்துவிடுகிறோம். மிகக் கூர்மையான கேள்விகள் பெரும்பாலும் சீட்டுகளில்தான் வருகின்றன. பெண்கள் தொடர்ந்து வர வேண்டுமென்றால் ஏழரை மணிக்குள் கூட்டம் முடிய வேண்டும், குழந்தைகளை அழைத்து வரலாம் என்று அழைப்பிதழிலேயே அச்சிட வேண்டும்.

விடை தெரியாத கேள்விக்கு ‘தெரியாது’ என்று பேச்சாளர் சொன்னால், அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கூட்டத்தின் தொடக்கத்தில் அவரிடமிருந்து வந்த விடையை வாசியுங்கள்.

ஒன்பதாம் படி: பதிவும் கணக்கும்

பேச்சாளரின் எழுத்துப்பூர்வ இசைவு பெற்று உரையைப் பதிவு செய்யுங்கள். படம் மங்கலாக இருந்தாலும் மக்கள் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி தெளிவில்லாவிட்டால் இரண்டு நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். காசு இருந்தால் முதலில் காலர் மைக் வாங்குங்கள். கேள்வி பதிவில் கேட்காது என்பதால் ஒருங்கிணைப்பாளர் அதைத் திரும்பச் சொல்ல வேண்டும். உரையில் திரைப்பாடலை ஒலிக்கவிட்டிருந்தால், யூடியூபில் ஏற்றும்போது பதிப்புரிமைச் சிக்கல் எழக்கூடும்.

வாயிலில் ஓர் உண்டியலும், தேநீருக்குப் பொறுப்பேற்கும் ஒரு வீடும் இருந்தால் சிறிய தொடர் ஓடிவிடும். வரவுசெலவை மாதந்தோறும் ஒரே தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கடைக்காரர் பணம் தந்து மேடையில் பதாகை கட்டச் சொன்னால் சுண்டலை மட்டும் அவர் பெயரில் ஏற்றுக்கொள்ளுங்கள். சங்கமாகப் பதிவு செய்யும் அவசரம் வேண்டாம். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன்படி பதிவுக்குக் குறைந்தது ஏழு பேர் வேண்டும். அதன் பிறகு ஆண்டுதோறும் கணக்குகளையும் படிவங்களையும் தாக்கல் செய்யும் வேலை வந்து சேரும். சங்கத்தின் பெயரில் வங்கிக் கணக்கு தேவைப்படும் அளவுக்குப் பணம் புழங்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கூட்டம் முடிந்ததும் நாற்காலிகளை அடுக்கி, மின்விசிறிகளை நிறுத்தி, மறந்து விட்டுச்சென்ற குடைகளை எடுத்து வைத்துவிட்டு, சாவியைக் காவலரிடம் ஒப்படைக்கும்போது, அவர் அறையில் தொங்கும் தினசரி நாட்காட்டியில் அடுத்த மாதத்து மூன்றாம் சனிக்கிழமைத் தாளில் உங்கள் கூட்டத்தின் பெயரைப் பேனாவால் எழுதிவிட்டு வாருங்கள்.